விடியற்காலைக் கைகள்

சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துப் பிழைத்தவள் என் அக்கா. காலையில் அவள் விரல்கள் கட்டையாகிவிடும். டாக்டர் கிளினிக் திறப்பதற்குள் இளகிவிடும்.

“கை நல்லாத்தானே மடங்குது? எல்லாம் மனசுலதான்,” என்று அவர் ஒவ்வொரு முறையும் அனுப்பிவிடுவார்.

அக்காவின் மாமியாரோ, “வேலைன்னா வலி, சோறுன்னா சரியாயிடும்,” என்பாள்.

ஒருநாள் விடியும்போதே அக்கா டாக்டர் வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் துணைக்குப் போனேன். பல் துலக்கியபடி வந்தவரிடம் வீங்கிய கைகளை நீட்டினாள்.

“இப்ப மடக்கிப் பாருங்க, ஐயா.”

அவர் தொட்டதுமே துடித்துப்போனாள். அவர் முகம் மாறியது.

“முடக்குவாதம் மாதிரி இருக்கும்மா. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். இனிமே விரல் கோணாம தடுக்கலாம். கோணினது நிமிராது. இவ்வளவு நாள் விட்டுட்டீங்களே!”

“விட்டது நானாய்யா?” என்றாள் அக்கா.

திரும்பும் வழியில், “நான் பொய் சொல்லலைன்னு ஆயிடுச்சுடி,” என்று ஆண்டவனைக் கும்பிடக் கையெடுத்தாள். உள்ளங்கைகள் ஒன்றோடொன்று சேரவில்லை.