கரிசாலை நின்ற வரிசை

மஞ்சள் கரிசாலைக் கீரை நிமிர்ந்து நிற்காது. ஈரம் கண்ட பக்கமெல்லாம் தவழும். தரை தொட்ட கணுவிலெல்லாம் வேர்விடும். பூவை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டும். நுனியைக் கிள்ளினால் தழைக்கும். வருஷக்கணக்காகக் கிடக்கும் தாய்த்தூர் மட்டும் விரல் பருமனுக்கு முற்றி, பிறந்த இடத்தைவிட்டு அசையாது.

முக்கூடலில் எங்கள் வயலுக்கும் பெரியப்பா வயலுக்கும் நடுவே ஒரு வரப்பு. பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்காள்; அண்ணன் தம்பிக்கு அக்காள் தங்கை வாக்கப்பட்டிருந்தார்கள். வரப்பு நகர்ந்துவிட்டதென்று பெரியப்பா சொன்ன நாளிலிருந்து அக்காளும் தங்கையும் எதிரெதிரே வந்தாலும் முகம் பார்ப்பதில்லை.

கார், பிசானம் என்று ஒவ்வொரு நடவுக்கும் வரப்பைச் செதுக்கிச் சேறு அப்புவார்கள். தன் பக்கம் கூடுதலாகச் செதுக்கி அடுத்தவன் பக்கம் அப்பினால் போதும், வரப்பு சத்தமில்லாமல் நடந்துவிடும்.

"கரிசாலைத் தூரு எங்க நிக்கோ அங்கதாம்லே நம்ம அய்யா போட்ட வரப்பு. காலையில பெரிய ஆளுகளோட வாரேன்!" பெரியப்பா தெருவில் நின்று கத்தினார்.

"வந்து பாரும், பாரும்" என்று அப்பா சிரித்தார். வீட்டுக்குள் வந்ததும் சிரிப்பைக் காணோம். அவர் போய் வயலில் குனிந்தால் ஊர் பார்க்கும். கீரை பறிக்கும் பெண்களை யார் கேட்பார்? "விடியுமுன்ன போயி அம்புட்டையும் வேரோட பிடுங்கிரு" என்றார் அம்மாவிடம்.

நானும் போனேன். வரப்பின்மேல் வெறும் இளங்கொடிகள். முற்றிய தூர்களெல்லாம் எங்கள் வயலுக்குள், டிராக்டர் எட்டாத ஓரத்தில், கயிறு பிடித்து நட்டதுபோல நேராக நின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பற்றினாள்.

"வேரத் தொடாதட்டி. நுனிய மட்டும் கிள்ளு."

"அப்பா பிடுங்கத்தான சொன்னாவ?"

"அடுத்த கறிக்குக் கீர வேண்டாமா? பேசாமக் கிள்ளு."

வாய்க்கால் பக்கம் ஆட்கள் வரும் பேச்சு கேட்டது. அம்மா நிமிரவேயில்லை. இலையெல்லாம் மடிக்குப் போக, தூர்கள் மொட்டையாக, முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தன.

வந்தவர்களில் ஒருவர் குனிந்து பார்த்தார். "ஏ யப்பா, பள்ளிக்கூடத்துப் பிள்ளையள மாதிரில்லா வரிசையா நிக்கு!" எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மண்வெட்டியை எடுத்தார். உச்சி வெயிலுக்குள் வரப்பு பழைய இடத்துக்குத் திரும்பியது.

மத்தியானம் அப்பா எறிந்த கீரைச் சட்டி முற்றத்தில் பறந்தது. "ஒரு களை பிடுங்கத் துப்பிருக்காட்டி ஒனக்கு?" அம்மா சிதறியதைக் கூட்டி அள்ளினாள். எனக்கு அப்பாவைப் பார்த்துத்தான் பாவமாக இருந்தது.

பொழுது சாய, பெரியம்மா கொல்லைவாசல் வழியாக ஒரு கிண்ணம் குழம்போடு வந்தாள். அவளும் அம்மாவும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் கீரை கொட்டிப்போனது பெரியம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ என்று யோசித்தபடியே நான் அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன்.