சுவரில் நீலக் கோடு

தையல்நாயகி வேலைக்குப் போனால் வீட்டுக்காரர்கள் முதலில் அவள் தோளுக்குப் பின்னால்தான் பார்ப்பார்கள், வயர்மேன் எங்கே என்று. பையை இறக்கி வைத்துவிட்டு "நான்தான்" என்பாள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்து, உழவர்கரையில் மோட்டார் காயில் கட்டும் கடையில் ஆறு வருஷம் இருந்து, உரிமம் வாங்கியவள். பதினாலு வருஷமாக அதே பதில்.

கருவடிக்குப்பத்தில் புருஷோத்தமன் வீட்டிலும் அதையே சொன்னாள். அவர் பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர். தெருவில் அவரைச் சொல்தா என்பார்கள், பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். மாடியில் அவர், கீழே வரிசையாக ஐந்து குடித்தனம். புயல் மழையில் கீழே மூன்று நாள் தண்ணீர் நின்றது. வடிந்து பதினோரு நாளாகியும் கரண்டு இல்லை. உரிமம் உள்ள ஒருவர் வயரிங்கைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் இணைப்பு என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சொல்தா சும்மா இருக்கவில்லை. கீழே முழுக்க வெள்ளையடித்து, தரையோரப் பிளக் பெட்டிகளையும் புதிதாக மாற்றியிருந்தார். தண்ணீர் வந்த தடமே இல்லை.

"முட்டிக்காலுக்குத்தாம்மா வந்துது. எல்லாம் காஞ்சிடுச்சி. கையெழுத்த மட்டும் போட்டுடு."

காய்ந்துவிட்டது என்ற பேச்சை அவள் ஒரு முறை நம்பியிருக்கிறாள். முந்தைய வெள்ளம் ஒன்றில், சாரம் பகுதியில் ஒரு வீட்டுக்கு அப்படித்தான் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் அந்த வீட்டுப் பெண் கிரைண்டரைத் தொட்டதும் தூக்கியடித்தது. உயிர் தங்கியது. ஆனால் வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. அதிலிருந்து தையல்நாயகி வாய்ப்பேச்சைக் கணக்கில் எடுப்பதில்லை. தண்ணீரில் நின்றவர்களையே சுவரோரம் நிறுத்தி, எதுவரை நனைந்தார்கள் என்று கேட்டுக் கோடு போடுவாள்.

முதலில் வீராயியைக் கூப்பிட்டாள். வீராயி கீழே குடியிருப்பவள், மீன் விற்பவள். அங்கே எல்லோரையும்விட அவளுக்குத்தான் கோபம் அதிகம். பதினோரு ராத்திரியாகக் கொசுக்கடி, போனுக்குச் சார்ஜ் போட அடுத்த தெருவுக்கு ஓட்டம்.

"ஆம்பளையா இருந்தா இந்நேரம் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பான்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

"போட்டுட்டுத்தான் போயிருப்பான்க்கா. நீ இப்படி வந்து நில்லு."

வீராயி இடுப்பைக் காட்டினாள். பக்கத்துக் குடித்தனத்து நெட்டையான கலைமகள் மேல்தொடையைக் காட்டினாள். கடைசிக் குடித்தனத்துக் குள்ளமான ஆயம்மா நெஞ்சுக்குக் கீழே கை வைத்தாள். மூன்று பேரும் மூன்று உயரம், ஆனால் அவள் வைத்த நீலச் சாக்பீஸ் புள்ளிகள் ஒரே மட்டத்தில் நின்றன. தையல்நாயகி அவற்றைச் சேர்த்து, புது வெள்ளையின் மேல் நீலமாக நீளக் கோடு இழுத்தாள். ஐந்து குடித்தனத்துக்கும் இழுத்தாள்.

சொல்தா பாதிப் படியில் நின்று, நேற்று அடித்த சுவர் என்று கத்தினார்.

"நீங்களும் வந்து நில்லுங்கய்யா. உங்களுக்கு எதுவரைக்கும்னு போடறேன்."

"அவருக்குப் பாதம்கூட நனையல" என்றாள் கலைமகள். அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

கோட்டுக்குக் கீழே இருந்த புதுப் பெட்டி ஒன்றைக் கழற்றினாள். அதிலிருந்து வயர் போகும் பைப் தரைக்கடியில் இறங்கி எதிர்ச் சுவரில் ஏறுகிறது. மெக்கரை மாட்டிச் சுற்றினாள். கம்பியின் உறை நன்றாக இருந்தால் முள் ஏறும், கெட்டிருந்தால் ஏறாமல் காட்டிக்கொடுக்கும் கருவி அது. முள் ஏறவில்லை, பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தது. பெண்களுக்கு முள் புரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பைப்பின் வாயில் சைக்கிள் பம்ப்பை வைத்து, துணி சுற்றி அழுத்திப் பிடித்து, நாலு முறை அடித்தாள். எதிர்ச் சுவர்ப் பெட்டியிலிருந்து செம்மண் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து புதுச் சுவரில் வழிந்தது. கூடவே செத்த கரப்பான் ஒன்று.

வீராயி அந்தத் தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் கையெழுத்தைக் கேட்கவில்லை.

வயர் முழுக்க மாற்றி, மெக்கரில் முள் ஏறினால்தான் கையெழுத்து என்றாள் தையல்நாயகி. சொல்தா அங்கேயே போனை எடுத்து நாகராஜ் என்ற இன்னொரு வயர்மேனைக் கூப்பிட்டார். நாலு மணிக்கு வந்து போட்டுக் கொடுப்பதாக அவன் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

அடுத்தவன் கையெழுத்தைத் தடுக்க அவளால் முடியாது. கூடத்து மெயின் போர்டைத் திறந்தாள். ஐந்து குடித்தனத்தின் பீங்கான் ஃபியூஸ்களையும் பிடுங்கி, ஒவ்வொரு பெண்ணின் கையிலும் அவளவள் ஃபியூஸை வைத்தாள்.

"இது இல்லாம உள்ள கரண்டு வராது. இத யார்கிட்ட குடுக்கணும்னு நீங்க முடிவு பண்ணுங்க."

பிறகு போகாமல் வாசலில் தன் பையின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

நாலு மணிக்கு நாகராஜ் வந்து போர்டைத் திறந்தான். ஐந்து குழியும் காலி. ஃபியூஸ் எங்கே என்று கேட்டான். மீன் அலசிய கையோடு வீராயி வந்து எதிரில் நின்றாள்.

"என் இடுப்புல இருக்கு. தண்ணி வந்த எடத்துலயே வச்சிருக்கேன். முள்ளு ஏறட்டும், எடுத்துத் தரேன்."

நாகராஜ் நீலக் கோட்டைப் பார்த்தான், சுவரில் வழிந்த மண்ணைப் பார்த்தான். பேனாவைச் சட்டையிலேயே விட்டுவிட்டான்.

"வயர மாத்திடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

பன்னிரண்டாவது ராத்திரியும் கீழ்வீடு இருட்டுதான். கொசுவைத் திட்டினார்கள், சொல்தாவைத் திட்டினார்கள். தையல்நாயகியை யாரும் திட்டவில்லை.