இருப்பிடம் தெரியாத அப்பன்

பதினோரு மாதம் சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுவிட்டு ஊர் திரும்பிய கந்தவேல், மகளைக் கூட்டிப்போக மாமியார் வீட்டுக்கு வந்தான். மச்சினன் யோகேஷ் கேட்டைத் திறக்கவில்லை. கையில் ஒரு காகிதம். அதற்கு லேமினேஷன் வேறு போட்டு வைத்திருந்தான்.

"கோர்ட்டு ஆர்டருங்க மாமா. இனியாவுக்கு இனி நாந்தான் கார்டியன்."

"எம் புள்ளைக்கு நீ எப்படிடா கார்டியன்?"

"நோட்டீஸ் வந்துச்சு. நீங்க வர்ல."

கந்தவேல் பதினேழு வயதில் போர்வெல் துளைக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறியவன். மனைவி ஷாலினி காய்ச்சலில் இறந்தபோது குழந்தைக்கு மூன்று வயது. காரியம் முடிந்த கையோடு வண்டி கிளம்பியது. ரிக்கில் போகிற எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான்: குழந்தையையும், விளக்கேற்றத் தன் வீட்டுச் சாவியையும் மாமியார் பூவாத்தாளிடம் கொடுத்துவிட்டுப் போனான். பூட்டிய வீட்டு விலாசத்துக்குத்தான் நோட்டீஸ் போனது.

கந்தவேலின் வக்கீல் உண்ணாமலை வழக்குக் கட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "இருப்பிடம் தெரியலைன்னு மனுவுல எழுதியிருக்காங்க. கோர்ட்டு அமீனா வந்து உன் வீட்டுக் கதவுல நோட்டீஸை ஒட்டியிருக்கார். பேப்பர்ல விளம்பரமும் போட்டாச்சு. நீ வரலைன்னதும் ஒருதலைப்பட்சமா உத்தரவு."

"ஞாயித்துக்கெழம தவறாம போன் பேசுவேனுங்களே."

"யார்கிட்ட?"

"எங்க அத்தைகிட்டத்தானுங்க."

வக்கீல் பேனாவை மூடினார். "அந்த நம்பரை எழுது."

உத்தரவு தெரிந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் அதை ரத்து செய்ய மனு போட வேண்டும். இருபத்திரண்டாம் நாள் போட்டார்கள். வண்டி மறுபடி கிளம்பியபோது முதலாளி கூப்பிட்டார். போனால் அடுத்த வாய்தாவுக்கும் ஆள் இல்லை என்று எழுதிவிடுவார்கள். கந்தவேல் போகவில்லை. லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டருக்குக் கையாளாகச் சேர்ந்தான். முப்பத்தைந்து வயதில் எடுபிடி.

விசாரணையில் பூவாத்தாள் கூண்டில் ஏறி, கூந்தலை முடிந்துகொண்டு நின்றாள். உண்ணாமலை போன் பட்டியலை நீட்டினார்.

"நோட்டீஸ் ஒட்டின மூணாம் நாள் மருமகன்கிட்ட பதினொரு நிமிஷம் பேசியிருக்கீங்க. என்ன பேசுனீங்க?"

"புள்ள சோறு தின்னுச்சுன்னு சொன்னனுங்க."

"நோட்டீஸ் வந்ததைச் சொல்லலையா?"

"அதைக் கிழிச்சு வெந்நி அடுப்புல போட்டுட்டனுங்க. இவன் நாளைக்கு எவளையாச்சும் கட்டிக்கிட்டு வருவான். எம் பேத்தி அவ காலடியில கெடக்கோணுமா? எம் மவனுக்குக் கல்யாணம் கட்டி ஒம்போது வருசமாப் புள்ள இல்லீங்க. நல்லா வெச்சுக்குவான்."

பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. மருமகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உத்தரவு ரத்தானது. கந்தவேல் கும்பிட்ட கையை இறக்குவதற்குள் நீதிபதி மீதியையும் வாசித்தார்: வழக்கு முதலிலிருந்து நடக்கும், குழந்தை பழகிய இடத்திலேயே இருக்கட்டும், தகப்பன் சனிக்கிழமை ஒரு மணி நேரம் கோர்ட்டு வளாகத்தில் பார்க்கலாம்.

முதல் சனிக்கிழமை கந்தவேல் சவரம் செய்துகொண்டு, பாப்கார்னும் பொம்மை லாரியும் வாங்கிப் போனான். நாலு வயதுக் குழந்தைக்கு ஒரு வருடம் என்பது கால் ஆயுள். போனில் கேட்ட குரல் ஒன்று, எதிரில் உட்கார்ந்திருக்கும் கருத்த ஆள் வேறு. அவன் கை நீட்டியதும் இனியா சுவரோடு ஒண்டினாள். இன்னும் கிட்டே போனான். குழந்தைக்கு நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது.

மாற்றுத் துணி கொண்டுவர வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. வராந்தாவில் பூவாத்தாள் மடியில் துணிப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, ஒரு ஜட்டி குடுங்க."

"அப்பன்னு கோர்ட்டேறி வந்தியே, இது தெரியாதா உனக்கு?"

"புள்ள நனைஞ்சு நிக்குது அத்தை."

"நிக்கட்டும். உள்ள இருக்கறவுங்க பாக்கட்டும்."

சந்திப்பைக் கண்காணிக்கும் கோர்ட்டு ஆலோசகர் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பிறகுதான் பூவாத்தாள் எழுந்தாள். இரண்டே நிமிடத்தில் துடைத்து, மாற்றி, இடுப்பில் தூக்கிக்கொண்டாள். குழந்தை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்தது. அழுகை நின்றது.

ஆலோசகர் அம்மா கடிகாரத்தைப் பார்த்து, நீதிபதிக்குப் போகும் நோட்டில் எழுதினார்: 'குழந்தை தகப்பனிடம் ஒட்டவில்லை. இருபது நிமிடத்தில் சந்திப்பு நிறுத்தப்பட்டது.' எழுதியதைப் படித்துக் காட்டி, பேனாவை நீட்டினார். கந்தவேல் கையெழுத்துப் போட்டான்.