அவளுக்குத் தெரியாத நீல டீ

இலஞ்சியில் எங்களுக்குப் பால் ஊற்றியவர், சாரல் விழுந்தால் தலையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு வருவார். தன் மாட்டை 'அவ' என்றுதான் சொல்வார்.

ஒருநாள் சங்குப்பூ டீ போட்டேன். நீலம் ஊதாவாக மாறட்டும் என்று எலுமிச்சை பிழிந்து, பாலை ஊற்றினேன். திரிந்துவிட்டது. மறுநாள் அவரிடம் குறை சொன்னேன்.

"அவ பால் திரியாதே. என்னத்தப் போட்டிய?"

சொன்னேன்.

"எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சுட்டு அவளக் குத்தம் சொல்லுதியளே" என்று அடுப்படிக்கே வந்துவிட்டார். எலுமிச்சை இல்லாமல் போட்டேன். வானநீலத்தில் நுரைத்து நின்ற டீயை இரண்டு டம்ளர் குடித்தார்.

அடுத்த நாள் கேன் மூடி நிறையச் சங்குப்பூவோடு வந்தார்.

"இன்னொரு டம்ளர் போடுங்க. வெள்ளப் பால நீலமாக்குனத மட்டும் அவகிட்டச் சொல்லிராதிய."

இப்போதும் அவர் வீட்டுத் தெருவழியே போனால், அந்த மாட்டின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.