எப்போது எழுந்து போகும்?

போன ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ராதாபுரம் போகும் முதல் பஸ்ஸை ஓட்டுபவர் அத்தான். முகம் வாடிக் கிடந்தது.

"தூக்கம் வரலன்னு டாக்டர் மாத்திரை குடுத்தாரு. தூக்கம் வருது. விடிஞ்சா போக மாட்டேங்கு" என்றார்.

"ஒங்க அண்ணன் மாதிரின்னு சொல்லுங்க. வந்தா கெளம்புதாவளா?" என்ற அக்கா, சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "நேத்து வள்ளியூர் தாண்டி இவியளுக்குக் கண்ணு சொக்கிட்டு ஏட்டி. கண்டக்டர் 'அண்ணாச்சி'ன்னு கத்தித்தான் முழிச்சாவ. வண்டி நெறைய ஆளு."

அத்தான் என்னைப் பார்த்தார். "ஏட்டி, நீ மருந்து ஆராய்ச்சிதான பண்ணுத? விடியமுன்ன இறங்கிப் போற மாத்திரை கெடையாதா?"

எனக்குச் சுரீரென்றது. ஏன் தெரியுமா?

ஆய்வகத்தில் நாங்கள் தேடுவதும் ஒரு தூக்க மருந்தைத்தான். மூளையின் அடியில் ஒரு சின்ன செல் கூட்டம், 'விழித்திரு' என்று சொல்ல ஒரு பெப்டைடை அனுப்புகிறது. ஒரெக்சின் என்று பெயர். சுமார் முப்பது அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி, அவ்வளவுதான்! அது போய் உட்காரும் இருக்கை, ஏற்பி. மருந்து முந்திக்கொண்டு அங்கே உட்கார்ந்தால் நமக்குத் தூக்கம்.

என் பட்டியலில் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு கட்டங்கள். ஒன்று, எவ்வளவு வேகமாக உட்காருகிறது? இரண்டு, எவ்வளவு நேரம் விடாமல் இருக்கிறது? விடாப்பிடியானவை மேலே. சீக்கிரம் எழுந்துபோன ஒன்றை... கோடு போட்டு அடித்திருந்தேன். காலை மயக்கம் பற்றிப் படிக்காதவளா நான்? கோடு போட்ட கைக்குத்தான் அது தோன்றவில்லை.

நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது. இரண்டு மூலக்கூறுகளின் பிடிக்கு ஒரே பலம் என்று கணக்கு சொல்லக்கூடும். ஆனால் ஒன்று சட்டென்று வந்து சட்டென்று போகும். மற்றது மெல்ல வந்து மெல்லத்தான் போகும் — சில சமயம், ரத்தத்தில் மருந்து குறைந்த பிறகும் இருக்கையை விடாது. கண்ணுக்கே தெரியாத ஒன்று எழுந்திருக்கும் நேரத்தை நம்பி ஒரு பஸ் நிறைய உயிர்கள்!

"எங்க மருந்து வருமான்னே தெரியாது அத்தான். வந்தாலும் பல வருசம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"டாக்டர்ட்ட நடந்ததை அப்படியே சொல்லுங்க. அவர் சரிங்கிற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடாதீய."

அத்தான் அக்காவிடம், "டெப்போவுக்கு போன் போடு" என்றார்.

திங்கட்கிழமை முதல் பஸ் வேறொரு டிரைவரோடு போனது. ஆய்வகத்தில் நான் அந்தக் கோட்டை அழித்தேன்.

வேளை பார்த்து இருக்கையை விட்டு எழுவது மூலக்கூறுக்கே கஷ்டம்... அத்தான் எழுந்துவிட்டார்.