தரையில் கால் படாத மாதங்கள்

வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில்தான் பைக் சறுக்கி என் தொடை எலும்பு முறிந்தது. முருகனுக்கு அன்று வேறு என்ன வேலையோ. அரசு மருத்துவமனையில் உள்ளே கம்பி வைத்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லி அனுப்பினார்கள். நான் கான்ட்ராக்டில் வேலை பார்த்த கம்பெனியிலும் ஒரு நிபந்தனை இருந்தது. அவர்களுடைய மருத்துவர் முன்னால் எதையும் பிடிக்காமல் குந்தி எழுந்தால் மறுபடி அசெம்பிளி லைனில் எடுப்பார்கள். இல்லாவிட்டால் கான்ட்ராக்ட் முடிந்தது.

நடக்க விட்டால்தானே? கம்பெனி இருந்த இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம், எல்லாரும் தூத்துக்குடிப் பக்கம். எலும்பு முறிந்தவன் கால் தரையில் படக் கூடாது என்பது எங்கள் ஆட்களுக்கு வேதவாக்கு. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் முறை வைத்து என்னைக் குளியலறைக்குத் தூக்கிப் போனார்கள். ஆட்டுக்கால் சூப் வைத்து ஊட்டினார்கள். அறையில் மூத்தவர், என் கம்பெனியிலேயே பக்கத்து லைனில் வேலை பார்த்த அண்ணன், வாக்கரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்.

"நீ அசையாதலே. நாங்க எதுக்கு இருக்கோம்?"

எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மாதங்கள் கழித்து மருத்துவமனைக்குப் போனபோது பிசியோதெரபி அம்மா என் லுங்கியை விலக்கிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, ஒரு காலு இன்னொரு கால்ல பாதிதான் கீது?"

"ஒரு எட்டு நடக்க விடலை மேடம்," என்றார் அண்ணன், பெருமையாக.

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"விண்வெளிக்குப் போறாங்களே, மாசக்கணக்கா மிதந்துகினே இருப்பாங்க. கால்ல எடையே விழாது. எடை விழாத எலும்ப உடம்பே கரைச்சிடும். சதையும் போயிடும். அதுக்காவ இடுப்புல வார் மாட்டிக்கினு, அது கீழ இழுக்க இழுக்க, தினமும் ஓடுறாங்க. அப்டி ஓடியும், இங்க எறங்குனதும் நிக்க முடியாம தூக்கினு போயி உக்கார வைக்கிறாங்க. நீங்க இவன ரூம்லயே மிதக்க வுட்டுட்டீங்க."

அண்ணன் முகம் செத்துப்போனது.

மறுநாள் சைக்கிள் டியூப் ஒன்று வாங்கி வந்தார். ஒரு முனையை நிறைந்த கேஸ் சிலிண்டரில் கட்டி, மறுமுனையை என் தோளில் மாட்டி, குந்த வைத்து, "எந்திரிலே," என்றார். வலி உயிர் போயிற்று. தினமும் அவர் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கையைக் கட்டி நிற்பார், தொட மாட்டார். எனக்கு முன்னால் அவர்தான் அழுதுவிடுவாரோ என்று இருக்கும். கால் மெல்லத் தேறியது. ஆனால் முழுதாகத் தேறும்வரை கம்பெனி காத்திருக்கவில்லை, சோதனைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கம்பெனி மருத்துவ அறையில் எனக்குப் பின்னால் கதவோரம் அண்ணன் நின்றார். நான் குந்தினேன். எழும்போது பாதியில் தொடை வெடவெடவென்று நடுங்கியது. நடுங்கினால் விழுந்துவிடுவேன் என்று அர்த்தமில்லை. அறையில் எத்தனையோ தடவை அப்படி நடுங்கிக்கொண்டே எழுந்திருக்கிறேன். அதற்குள் பின்னாலிருந்து இரண்டு கைகள் என் அக்குளில் நுழைந்து தூக்கி நிறுத்திவிட்டன.

இன்னொரு தடவை பாருங்கள் என்று கெஞ்சினோம். மருத்துவர் எதையோ எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அண்ணன் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். அன்று அவர் தொடாமல் இருந்திருந்தால் எழுந்திருப்பேனா, விழுந்திருப்பேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போனில் அவர் கேட்கும்போதெல்லாம், விழுந்துதான் இருப்பேன் என்று சொல்கிறேன்.