பழுது மரத்தில் இல்லை

நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த ஒரு பலா மரத்தைப் பொய் சொல்லி வெட்ட வைத்தவன் நான். பழுது மரத்தில் இல்லை. என் கையால் முறுக்கி ஒட்டுப் போட்ட கேபிளில் இருந்தது. தெரிந்தும் நான்கு ஆண்டுகள் வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவரிடம் ஏன் சொல்கிறேன்? சொல்ல வேண்டியவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்... அதனால்தான்.

கள்ளக்குறிச்சியில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் என் கடை இருக்கிறது. கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பது என் தொழில். மாவட்டம் தனியாகப் பிரிந்த பிறகு ஊரில் புதிது புதிதாக அலுவலகங்கள் முளைத்தன. எத்தனையோ சுவர்களின் ஓரத்தில் நான் இழுத்த கேபிள் இன்றும் ஓடுகிறது. பெயர் ரஹீம். மலைக்குப் போனால் வெறும் பாய்.

என் தொழிலுக்குச் சில விதிகள் உண்டு. கேபிளுக்குள் எட்டுச் செம்பு இழைகள், நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓட வேண்டும். நடுவில் வெட்டி ஒட்டக் கூடாது. சுவருக்குள் ஓடுவதற்குச் சாம்பல் நிறக் கேபிள். வெயிலிலும் மழையிலும் கிடப்பதற்குத் தடித்த கறுப்பு உறை போட்டது. வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடங்கள் இவை. எனக்குத் தெரியாதவை அல்ல!

கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கு இணைய இணைப்புக் கொடுக்கப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கண்ணாடி இழைக் கேபிள் ஊராட்சிக் கட்டடம் வரைக்கும் வந்து நின்றிருந்தது. அங்கிருந்து பள்ளிக்கு நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தைத் தாண்டிக் கேபிள் இழுக்க வழியில்லை. எனவே அந்தக் கூரையில் ஒரு டிஷ், இந்தக் கூரையில் ஒரு டிஷ், இடையில் காற்றில் அலை. பள்ளிக் கூரையின் டிஷ்ஷிலிருந்து கணினி அறைக்கு மட்டும் கேபிள். அந்த ஒரே கேபிள்தான் டிஷ்ஷுக்கு மின்சாரத்தையும் ஏற்றிப் போகும்.

கறுப்புக் கேபிள் பெட்டியைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன்.

திரும்பிப் போய் எடுத்து வந்திருக்கலாம். கச்சிராயபாளையம் வழியாகக் கீழே இறங்கி, மறுபடியும் அந்த வளைவுகளில் ஏறி... ஒரு நாள் போயிருக்கும். அவ்வளவுதான். அந்த ஒரு நாளை நான் கொடுக்கவில்லை. கையிலிருந்த சாம்பல் கேபிளைக் கூரையின் மேல் ஓட்டினேன். அதுவும் நீளம் போதவில்லை. இன்னொரு துண்டை எடுத்து, இழையோடு இழையை முறுக்கி, டேப் சுற்றி, ஓட்டுக் கூரையின் விளிம்புக்கு அடியில் செருகினேன். விளக்குகள் பச்சையாக எரிந்தன. தலைமையாசிரியர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பேருந்தைப் பிடித்தேன்.

ஜூலையில் மழை தொடங்கியது. மழை பெய்தால் இணைப்பு அறுந்தது. வெயில் அடித்தால் திரும்பி வந்தது.

தலைமையாசிரியர் தினமும் போன் செய்தார். மலைப் பிள்ளைகள் திரையில் பாடம் பார்க்கட்டும் என்று ஆளாளுக்குக் கெஞ்சி அந்த இணைப்பை வாங்கியவர் அவர். மேலதிகாரி திங்கட்கிழமை பார்வையிட வருகிறாராம். சனிக்கிழமை காலை ஏறிப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. இணைப்பு செத்துக் கிடந்தது.

கூரையில் ஏறி நின்று பார்த்தேன். எதிரே, பள்ளத்தின் சரிவில் ஒரு வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் உயரமான பலா மரம். அதன் உச்சிக் கிளைகள் இரண்டு டிஷ்களும் பார்த்துக்கொள்ளும் கோட்டைத் தொட்டும் தொடாமலும் அசைந்தன. இலையெல்லாம் நனைந்து மினுமினுத்தது.

நனைந்த இலை அலையைக் குடித்துவிடும். இதுவும் எங்கள் தொழிலில் உண்மைதான். உண்மையான காரணம் ஒன்று எதிரிலேயே நிற்கிறது... எவ்வளவு வசதி!

என் பையில் கேபிளைச் சோதிக்கும் டெஸ்டர் இருந்தது. இரண்டு முனைகளிலும் செருகிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நான் அதை வெளியில் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? நீங்கள் கேட்கலாம். நானே ஆயிரம் முறை கேட்டுவிட்டேன். அது எதைக் காட்டும் என்று எனக்குத் தெரியும்! காட்டினால், தலைமையாசிரியருக்கு முன்னால் என் ஒட்டைப் பிரிக்க வேண்டும்.

"மரம்தான் சார் மறைக்குது" என்றேன்.

மரம் சின்னப்பொண்ணு அக்காவுடையது. அக்காவுக்கு என் வயதுதான் இருக்கும். கணவர் கேரளத்தில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். மகள் செல்வி அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. வீட்டோரம் ஏழெட்டு ஆடுகள் கட்டிக் கிடந்தன. பலா இலையைத்தான் ஒடித்துப் போட்டு வளர்த்து வந்தார்.

தலைமையாசிரியர் விஷயத்தைச் சொன்னார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"கெளைய மட்டும் கழிச்சா ஆவாதா பாய்?"

ஆகும். நான் சொன்னது உண்மையாகவே இருந்திருந்தாலும்கூட, உச்சியில் நான்கு கிளையைக் கழித்தால் போதும். ஆனால் கிளையைக் கழித்த பிறகும் இணைப்பு வரவில்லையென்றால் அடுத்த சந்தேகம் எங்கே திரும்பும்?

"திரும்பவும் துளுத்துடும்க்கா. வருஷா வருஷம் இதே ரோதன" என்றேன்.

"காயி நாலஞ்சி தொங்குது. பத்து நாளு பொறுத்தீங்கன்னா பழுத்துடும்."

"திங்கட்கிழம ஆபீசர் வராரும்மா" என்றார் தலைமையாசிரியர்.

அக்கா மரத்தடிக்குப் போய் அடிமரத்தில் கையை வைத்தார். பிறகு கேட்டார். அந்தக் கேள்வியை நான் இன்றும் அவருடைய குரலிலேயே கேட்கிறேன்.

"பாய், நிச்சயமா இந்த மரம்தானா?"

"நூத்துக்கு நூறு" என்றேன்.

நூற்றுக்கு நூறு! தொண்ணூறு என்றாவது சொல்லியிருக்கக் கூடாதா? சந்தேகம் இருக்கிறது, கிளையைக் கழித்துப் பார்ப்போம் என்று ஒரு வார்த்தை... அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு நாக்கு எழவில்லை.

"செல்வியும் அங்கதானே படிக்கிறா. வெட்டிக்கோங்க" என்றார். வீட்டுக்குள் போய்விட்டார். ரம்பம் ஓடி முடியும் வரைக்கும் வெளியே வரவில்லை.

விழுந்த காய்களில் ஒன்றை எனக்குக் கொடுத்தனுப்பினார். மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் மலையிறங்கினேன். நான்கு நாளில் பழுத்து வீடெல்லாம் மணந்தது. மனைவியும் பிள்ளைகளும் தின்றார்கள். நானும் தின்றேன். இனித்தது என்று சொல்லவே கூசுகிறது.

மரம் விழுந்த அன்று மாலையே வானம் வெளுத்துவிட்டது. பத்து நாள் மழையில்லை. பத்து நாளும் இணைப்பு ஓடியது. அதிகாரி வந்தார், பாராட்டிவிட்டுப் போனார். நான்கூட நம்பத் தொடங்கினேன்... மரம்தானோ?

பதினோராம் நாள் மழை.

"பாய், மறுபடியும் போச்சி" என்றார் தலைமையாசிரியர்.

இந்த முறை கறுப்புக் கேபிள் பெட்டியோடு போனேன். யாரும் கூட ஏறி வராதபடி பார்த்துக்கொண்டேன். கூரை விளிம்பில் டேப்பைப் பிரித்தேன். உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. செம்பு இழைகள் பச்சைப் பாசி பிடித்ததுபோல அரித்துப் போயிருந்தன. பழைய கேபிளை முழுவதும் உருவிப் பைக்குள் திணித்துவிட்டு, புதியதை ஒரே ஓட்டமாக இழுத்தேன். கொட்டும் மழையில் விளக்குகள் பச்சையாக எரிந்தன.

கீழே இறங்கி, "டிஷ் கொஞ்சம் திரும்பியிருந்தது சார். சரி பண்ணிட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகு இணைப்பு ஒருநாளும் அறுபடவில்லை. இன்றுவரை இல்லை. எனக்கு எரிச்சலாக வருகிறது! ஒருமுறையாவது அறுந்து தொலைந்திருந்தால், யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். யாருமே சந்தேகப்படவில்லை.

சந்தேகப்படாததோடு நின்றார்களா? அடுத்த ஆண்டுவிழாவில் தலைமையாசிரியர் சின்னப்பொண்ணு அக்காவை மேடையில் உட்கார வைத்தார். பிள்ளைகளின் படிப்புக்காகத் தன் மரத்தையே கொடுத்த தாய் என்று பேசினார். சால்வை போர்த்தினார்கள். அக்காவுக்குக் கூச்சம், சால்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அப்புறம் மெல்லச் சிரித்தார். அடுத்த சால்வை எனக்கு. போர்த்திக்கொண்டேன்! எல்லோரும் கை தட்டினார்கள். நானும் அக்காவுக்குக் கை தட்டினேன்.

எந்தப் பள்ளிக்கு வேலைக்குப் போனாலும் இந்தக் கதை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. "மரம் வெட்டின ஊருக்கு நெட்டு போட்டவரு நீங்கதானா?" என்பார்கள். மறுக்க வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வரும். தேநீர் கொண்டுவந்து வைப்பார்கள். குடிப்பேன்.

இந்த ஆண்டு வேறொரு வேலைக்காக அந்தப் பக்கம் போனபோது, சாலையோரம் அக்கா தலைச்சுமையோடு வந்துகொண்டிருந்தார். ஆட்டுக்குத் தழையா என்று கேட்டேன்.

"ஆடேது பாய்? அடுப்புக்குச் செத்தை. மரம் போனப்பறம் காட்டோரம் போயி தழ ஒடிச்சேன். பாரஸ்ட்டுக்காரங்க சத்தம் போட்டாங்க. ஆட்ட ஒவ்வொண்ணா வித்துட்டேன். இப்ப மரவள்ளிக் கொல்லையில கூலிக்குப் போய்க்கினு கீறேன்." குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று அதற்குமேல் அடக்கிவைக்க என்னால் முடியவில்லை. அவர் வீட்டுக்கே போனேன். வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மறந்துவிட்டு வந்த பெட்டி, ஒட்டு, பையிலேயே கிடந்த டெஸ்டர், பச்சை பிடித்த இழைகள்... எதையும் விடவில்லை.

நான் முடித்ததும் அக்கா, "இன்னொரு தபா சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.

"அப்போ மரத்து மேல தப்பே இல்லியா?"

"இல்லக்கா."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட இல்ல."

நான் எதை எதிர்பார்த்தேன்? திட்டுவார், அழுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று. ஒருவேளை மன்னித்தும்விடுவார் என்று. ஆமாம்... அந்த ஆசையும் இருந்தது. மறைக்க மாட்டேன்.

"மரம் போச்சி, ஆடு போச்சி. அதுக்கெல்லாம் நான் அழுவல பாய்" என்றார். "புள்ளைங்க படிப்புக்குப் போச்சின்னு மனச தேத்திக்கினு கெடந்தேன். இப்ப வந்து அதுவும் இல்லன்றீங்க. இனிமே நான் இன்னான்னு நெனச்சிக்கினு இருக்கறது?"

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

"திட்டுங்கக்கா."

"திட்டி இன்னா ஆவப்போவுது?" உள்ளே எழுந்து போனவர் வாசற்படியில் நின்று திரும்பினார். "செல்விக்குத் தெரிய வேணாம். காலேஜில எல்லார்கிட்டயும் எங்கம்மா மரத்தக் குடுத்துச்சின்னு சொல்லிக்கினு திரியறா. நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க. போங்க பாய், பஸ்ஸு வந்துடும்."

அவரிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. நான் லேசாவதற்காக அதையும் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். லேசாகவும் இல்லை! சொல்லாமல் இருந்தது குற்றம் என்றால், சொன்னது என்ன? இரண்டில் எது பெரிது என்று நானே என்னிடம் வழக்காடிக்கொண்டிருக்கிறேன்... தீர்ப்பு வந்தபாடில்லை.

அவர் யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். ஊர்ப் பெயரை விழுங்கிக்கொண்டு உங்களிடம் சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லையும் பாதிதான் காப்பாற்றினேன்.

செல்வி இப்போது கள்ளக்குறிச்சியில் படிக்கிறாள். போன வாரம் ஏதோ விண்ணப்பத்தை அச்செடுக்க என் கடைக்கு வந்தாள். கூட ஒரு தோழி.

"எங்கம்மா மரத்தக் குடுத்துச்சின்னு சொன்னேன் இல்ல? அப்போ எங்க ஸ்கூலுக்கு நெட்டு போட்டது இவருதான்" என்று தோழியிடம் பெருமையாகச் சொன்னாள். என் பக்கம் திரும்பி, "இல்ல பாய்?" என்று சிரித்தாள்.

அச்செடுத்த தாள்களை அடுக்கி அவளிடம் நீட்டினேன்.

"ஆமாம்மா, நான்தான்" என்றேன்.